மஞ்சள் பூசின மிக்ஸிக்கு அஞ்சு ஸ்டார்

வியாழக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். புது மிக்ஸி வரும், வாங்கி வெச்சு, சாயங்காலம் இட்லிக்கு ஒரு சட்னி அரைக்கணும்.

பழைய மிக்ஸி புகைஞ்சு போனதால, சென்னையில இருக்குற என் பையன் போன்லயே ஆர்டர் போட்டுட்டான். காலையில நெல்லித்தோப்புல எங்க வீட்டு வாசல்லயே பெட்டியக் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளை வெளேர்னு அழகா இருந்துச்சு.

புது சாமான் வந்தா சும்மா தொடுவோமா? சாமி முன்னாடி வெச்சு, மஞ்சளைக் குழைச்சு நாலு பக்கமும் தாராளமா பூசி, குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டினேன்.

கற்பூரம் எரியும்போதே போன்ல ஒரு செய்தி. ‘பொருள் எப்படி இருக்கிறது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.’

சாமி முன்னாடி கேட்டா என்னன்னு சொல்றது? வீட்டுக்கு வந்த புதுப்பொருளப் பத்தி முதல்ல நல்ல வார்த்தைதானே வரணும்? எழுதிட்டேன்.

‘மிக்ஸி மகாலட்சுமி மாதிரி இருக்கு. சத்தமே இல்ல. ஒரு குறையும் இல்ல. செஞ்சவங்க குடும்பம் நல்லா இருக்கணும்.’ அஞ்சு ஸ்டார். ஆறாவது இருந்திருந்தா அதையும் போட்டிருப்பேன்.

சத்தம் இல்லன்னு எழுதினது பொய் இல்லீங்க. அப்ப இன்னும் ப்ளக்கு சொருகல.

லாஸ்பேட்டையில கட்டிக் குடுத்திருக்குற என் பொண்ணு கவிதா அதைப் பாத்துட்டா. ‘எங்கம்மா கருத்து சொல்ற அளவுக்கு வளந்துட்டாங்க’ன்னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டா. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கும் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்தப் பெருமை சாயங்காலம் வரைக்கும்தான்.

தேங்காய், பொட்டுக்கடலை, மிளகா போட்டு சுவிட்சைத் திருப்பினேன். அப்படி ஒரு சத்தம். எங்க வீட்டுக்காரர் பேப்பரோட எழுந்து வந்தாரு.

“என்னடி, லாஸ்பேட்டை ஏர்போர்ட்டுல எறங்க வேண்டிய ஏரோப்ளேன் நம்ம வீட்டுல எறங்குதா?”

பதில் சொல்றதுக்குள்ள மூடி பறந்துச்சு. சட்னி பாதி என் மேல, மீதி காலண்டர்ல இருந்த முருகர் மேல.

அவர் காலண்டரைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. “பாலாபிஷேகம் பாத்திருக்கேன். சட்னி அபிஷேகம் இப்பதான் பாக்குறேன்.”

பையன்கிட்ட சொன்னேன், திருப்பிக் குடுக்க போன்லயே எழுதிப் போட்டான். மறுநாள் எடுத்துட்டுப் போக ஆள் வந்தாரு. மிக்ஸியத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நானும் முந்தின நாளே சோப்பு, சாம்பல், எலுமிச்சம்பழம்னு போட்டுத் தேச்சிருந்தேன். வெள்ளை மிக்ஸி எலுமிச்சம்பழ கலர்லதான் நின்னுச்சு.

“யாரும்மா இதுக்கு மஞ்சள் பூசினது?”

“பூசாம எப்படிப்பா புது சாமானைத் தொடுறது?”

“கறை இருந்தா எடுக்க மாட்டாங்கம்மா. இந்தத் தெருவுல நான் எடுக்காம விட்டுட்டுப் போனதெல்லாம் மஞ்சளும் குங்குமமுமாத்தான் இருக்கு.” தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

சரி, நம்ம தலையெழுத்துன்னு உக்காந்தா போன் வருது. கவிதாவோட மாமியார்.

என் சம்மந்தியப் பத்திச் சொல்லணும். பள்ளிக்கூடத்து டீச்சரா இருந்தவங்க. ஒரு டார்ச் லைட்டு வாங்குறதுன்னாகூட ஊர்ல இருக்குறவங்க கருத்தெல்லாம் படிச்சிட்டுத்தான் வாங்குவாங்க. கவிதா கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்ன ஒண்ணையும் அவங்க கேட்டதே இல்ல.

“சம்மந்தி, இந்தத் தடவ யார் கருத்தையும் படிக்கல. நீங்க எழுதினதப் பாத்தேன், உடனே அதே மிக்ஸி ஆர்டர் போட்டேன். இப்பதான் வந்துச்சு. நாளைக்குக் கிருத்திகை, வடைக்கு இதுலதான் அரைக்கப் போறேன். எங்க நாத்தனார் குடும்பமே வருது.”

முதல் தடவையா என் வார்த்தைய நம்பியிருக்காங்க. அதுவும் நாத்தனார் முன்னாடி உளுத்தமாவு பறக்கப் போவுது. உண்மைய போன்ல சொல்றது மரியாதை இல்லன்னு கிளம்பிட்டேன்.

பஸ்ஸுல வழி பூரா வேண்டுதல். பிள்ளையாரப்பா, நான் போய்ச் சேர்ற வரைக்கும் லாஸ்பேட்டையில கரண்ட் இருக்கக் கூடாது. அடுத்தவங்க வீட்டுல கரண்ட் போகணும்னு நான் வேண்டிக்கிட்டது அதுதான் முதல் தடவ. போய்ப் பாத்தா ஃபேன் ஜோரா சுத்துது.

சமையல்கட்டு மேடையில அதே மிக்ஸி. நாலு பக்கமும் மஞ்சள், நடுவுல குங்குமம்.

“வாங்க சம்மந்தி. நீங்க எழுதின மாதிரியே, சத்தமே இல்ல.”

“அரைச்சுப் பாத்தீங்களா?”

“இனிமேத்தான்.”

எல்லாத்தையும் சொல்லிட்டேன். கற்பூரம், காலண்டர் முருகர், எடுக்க வந்தவர், ஒண்ணு விடல. கவிதா கதவுக்குப் பின்னாடி நின்னு வாயில துணிய வெச்சுக்கிட்டு குலுங்குறா.

சம்மந்தி கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். போனை எடுத்துக் காட்டினாங்க. என் கருத்துக்குக் கீழயே அவங்க கருத்து. ‘மேலே கூறியவர் என் சம்மந்தி. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.’ அஞ்சு ஸ்டார்.

“பிரிச்ச உடனே போட்டுட்டீங்களா சம்மந்தி?”

“நீங்க அஞ்சு போட்டிருக்கீங்க. நான் நாலு போட்டா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? சம்மந்திங்களுக்குள்ள சண்டைன்னு சொல்ல மாட்டாங்களா?”

கிருத்திகை அன்னைக்குக் காலையில, நாத்தனார் வீட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன். மூடிய அவங்க ரெண்டு கையால அமுத்திப் புடிச்சாங்க, அவங்க கை மேல நான் அமுத்தினேன். அடியில கவிதா பிடிச்சிக்கிட்டா. வடை நல்லா வந்துச்சு. “சம்மந்திங்கன்னா இப்படி இருக்கணும்”னு நாத்தனாரே சொன்னாங்க.

கை கழுவிட்டு வந்தா சம்மந்தி போன்ல ஒரு கேள்வி. யாரோ ஒரு புண்ணியவதி எங்க கருத்துக்குக் கீழ கேட்டிருக்கா. ‘உண்மையாவே சத்தம் இல்லையா?’

சம்மந்தி கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னைப் பாத்தாங்க. “என்ன போடலாம்?”

ரெண்டு பேரும் கலந்து பேசி, பொய் இல்லாம பதில் போட்டோம்.

‘ப்ளக்கு சொருகாத வரைக்கும் இல்ல.’