ராஜரங்கம் பாடும் மினி பஸ்

"வே பரமசிவன், அந்தக் கிழவன் பாட்டை நிறுத்தும். தெனமும் பாட்டால தொந்தரவுன்னு காலேஜ் பிள்ளைங்க போன் போடுதாங்க" என்று போனில் கத்தினார் முதலாளி சேக் மைதீன்.

டிரைவர் பரமசிவனுக்குச் சுருக்கென்றது. சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகும் அவருடைய மினி பஸ்ஸில் டி.ஆர். ராஜரங்கம் மட்டும்தான் பாடுவார். பரமசிவன் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன பாடகர். செத்தால் என்ன? அந்தக் குரல் வெல்லப்பாகு மாதிரி இழுபட்டுக்கொண்டே போகும்.

"இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துச்சு, ஸ்டியரிங்கை இசக்கிராஜாட்ட குடுத்துருவேன்" என்று போனை வைத்தார் முதலாளி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ராஜரங்கத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது! இருந்தாலும் வேலை போய்விடுமே என்று மறுநாள் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். உடனே பின்சீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாம் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள்.

"என்ன தாயி, அடிக்க வாரீங்களா? பின்னால சீட்டு கெடக்குல்லா?"

"நாங்க இங்கனயே நிக்கோம். நீங்க பேசாம ஓட்டுங்க" என்று முறைத்தாள் கல்லூரி மாணவி அப்ரீன் பானு.

முன்படியில் கூட்டம் அடைத்துக்கொண்டதில் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. சாயங்காலம் அடுத்த புகார் போனது. முதலாளி பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டார்.

"பென் டிரைவைத்தான புடுங்குனாரு? என் தொண்டையப் புடுங்கட்டும் பாப்போம்!"

மறுநாள் பரமசிவனே ராஜரங்கத்தின் பாட்டைப் பாட ஆரம்பித்தார். அவருக்குத் தொண்டை உண்டு, சுருதிதான் கிடையாது. இறங்குகிறவர் குரல் கொடுத்தால்தான் மினி பஸ் நிற்கும். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் கண்ணில் படுவதற்கு முன்பே "அண்ணாச்சி, நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று குரல் வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்கிறார்களா, பாட்டை நிறுத்தச் சொல்கிறார்களா என்று பரமசிவன் யோசிக்கவில்லை. இன்னும் உரக்கப் பாடினார்.

விஷயம் கேள்விப்பட்ட முதலாளி அடுத்த நாள் தானே வண்டியில் ஏறிவிட்டார். கல்லூரி ஸ்டாப்பில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி எழுந்து நின்றார்.

"இன்னைக்கு ஒரு முடிவு தெரியணும். ராஜரங்கம் பாட்டால யாருக்கெல்லாம் தொந்தரவு? கையத் தூக்குங்க."

மொத்த பஸ்ஸும் கையைத் தூக்கியது. மடியில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள்கூடத் தூக்கினாள். பரமசிவன் இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி முதலாளியின் கையில் வைத்தார்.

"உங்க வண்டி, உங்க சாவி. அவரு பாடாத வண்டிய ஓட்டுததுக்கு நான் வீட்டுல சும்மா கெடப்பேன். இந்த ஊரே ரெண்டு கையையும் தூக்கட்டும் மொதலாளி. பாட்டுன்னா ராஜரங்கம் பாட்டுதான்! இல்லன்னு சொல்லுத ஆளு என் முன்னால வரட்டும்!"

அப்ரீன் பானு முன்னால் வந்தாள்.

"யாரு இல்லன்னு சொன்னா? அவரு பாடுனா ஸ்டாப்பு வந்ததே தெரியாம உக்காந்து, தெனமும் காலேஜத் தாண்டிப் போயிருதோம் அண்ணாச்சி. நேத்து நீங்க பாடுனீங்கல்லா, கரெக்டா இறங்கிட்டோம்!"