ஈ வந்துபோகும் வழி

மனித குலம் இதுவரை கூட்டிய கூட்டங்களிலேயே மகத்தானது, பதுளை நகரில் ஒரு மாடியறையில் கூடும் "ஒட்டுண்ணி ஈ அடையாளங்காணல் குழு"வின் கூட்டம்தான். தேயிலைப் புழுவின் உடம்பில் முட்டையிட்டு, அதையே தின்று வளரும் ஈ எந்த இனம் என்பதை, தேயிலை மலைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், படத்தைப் பார்த்தே சொல்லிவிடும் மேதைகள் அவர்கள்.

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் கருப்பம்மாவுக்கு இந்த மகிமை தெரியாது. அவள் கவலையெல்லாம் அவள் குடியிருக்கும் லயத்து வீட்டின் கூரைத் தகரத்தில் விழுந்த ஓட்டை. மழை பெய்தால் நேரே அடுப்பில் ஊற்றும். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கணக்கப்பிள்ளை "பார்ப்போம்" என்பார், பார்த்ததில்லை.

ஒருநாள் பெரட்டில் அவர் அறிவித்தார்: "எல்லாரும் போன்ல ஈ படம் எடுத்து அனுப்பணும். மேலிடத்து உத்தரவு."

"வேலைக்கு வர்ற ஈக்கு முழுப்பேர் போடுவீங்களா ஐயா, இல்ல எங்களுக்கு மாதிரி அரைநாள் சம்பளத்துக்கு அரைப்பேர்தானா?" என்று யாரோ கேட்டார்கள்.

கருப்பம்மா ஈயைத் தேடவில்லை. ஓட்டையையே படமெடுத்து அனுப்பினாள், இப்படியாவது பார்க்கட்டும். அதன் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அதுவரை மலைப் பக்கமே வராத குழுவின் ஜீப் மறுநாளே வந்தது. மூன்று கனவான்கள் ஏணி போட்டு ஏறி, ஓட்டையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். கருப்பம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"தகரம் எப்பங்க ஐயா வரும்?"

"தகரமா? ஓட்டையைத் தொட்டுறாதீங்கம்மா. அபூர்வமான ஈ வந்துபோற வழி அது."

"அதே வழியாத்தாங்க மழையும் வருது."

"மழை எங்க பிரிவு இல்ல" என்றார் தலைவர், மிகுந்த பொறுப்புணர்வோடு. அவள் கொடுத்த சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பக்கத்து வீட்டு றோசாலி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஈ இருந்தாத்தான்க்கா அவங்க கண்ணுக்குத் தெரியும். நீங்களும் ஒண்ண ஒட்டிக்கிட்டு நில்லுங்க."

நல்ல யோசனை. அடுத்த மழையில் அணைந்துபோன அடுப்பருகே தொப்பலாக நனைந்து நின்ற கருப்பம்மா, மழை விட்டதும் மூக்கு நுனியில் சீனிப்பாகு தடவிக்கொண்டாள். ஈ வந்தது, உட்கார்ந்தது. மேலே ஓட்டை, கீழே அடுப்பு, நடுவில் அவள். எல்லாம் விழும்படி றோசாலி எடுத்து அனுப்பினாள்.

எந்த மனுவுக்கும் வராத வேகத்தில் பதில் வந்தது:

"ஈ மிக அருமை. இனம் உறுதி. பின்னால் நனைந்து நிற்பதை அப்புறப்படுத்திவிட்டு மீண்டும் எடுத்து அனுப்பவும்."