நான் சீவிய மணைப்பலகை

பிடிவாதத்துக்கும் திறமைக்கும் உள்ள வித்தியாசம் சிலருக்குக் கடைசிவரை விளங்குவதில்லை. எனக்கு விளங்கியது அக்காவின் கலியாணத்தில், ஊரே பார்த்திருக்க.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை. சண்டிலிப்பாயில் எங்கள் வளவில் நின்ற பலாவைத் தறித்து, மணமக்கள் சேர்ந்து அமர்ந்திருப்பதற்கான மணைப்பலகைக்கென்று ஒரு துண்டு அறுத்து வைத்திருந்தார்கள். வாள்காரர் அறுத்த அறுவையில் அது மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. தச்சரைக் கூப்பிடப் புறப்பட்ட ஐயாவை நான் மறித்தேன்.

“நான் சீவித் தாறன், ஐயா.”

“உனக்குப் பென்சிலே சீவத் தெரியாது.” (உண்மைதான். அதற்காக இப்படிப் பட்டென்று சொல்வதா?)

அம்மாவுக்குத்தான் பயம். “மாப்பிள்ளை வீட்டார் நொட்டை சொல்லக் காத்திருக்கினம். நீ பழுதாக்கினால் உன்ர அக்காதான் காலம் முழுக்கப் பேச்சுக் கேக்கோணும்.”

“பழுதாகாது அம்மா. அதுக்கு ஒரு பொறி செய்யப்போறன்.”

பொறி இதுதான். பலகையின் இரு பக்கமும் நீளமாய் மெல்லிதாய் அறுத்த பனஞ்சிலாகை இரண்டைத் தண்டவாளம்போலக் கிடத்தி, நுனிகளுக்குக் கீழே கல் வைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சட்டம் அடித்து, நடுவில் சீவுளியைப் பொருத்தினேன். சட்டம் சிலாகைகளின்மேல் போய்வரும், சீவுளி மேட்டை மட்டும் வெட்டும். கை தவறினாலும் பொறி தவறாது என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பலா இலேசில் மசியவில்லை. நானும் விடவில்லை. சட்டத்தின்மேல் நெஞ்சை வைத்து அழுத்தினேன். அழுத்தும்போதெல்லாம், நடுவில் தாங்கல் இல்லாத சிலாகைகள் என்னோடு சேர்ந்து கீழே வளைந்தன. அது எனக்குத் தெரியவில்லை. நடுவில் சீவல் நன்றாக வருவது மட்டும் தெரிந்தது. அதனால் நடுவிலேயே இன்னும் சீவினேன்.

மட்டம் பார்க்க வேண்டுமே? அதே சிலாகை ஒன்றைப் பலகைமேல் வைத்து, முழங்காலால் அழுத்திப் பார்த்தேன். மயிரிழை இடைவெளியும் இல்லை! வந்த சந்தோஷத்தில் நல்லெண்ணெய் ஊற்றித் தேய்த்து மினுக்கினேன். ஐயாவே தடவிப் பார்த்து, “பறவாயில்லை” என்றார். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு பலாவையும் சீவியிருப்பேன்.

முகூர்த்தத்தன்று பலகையில் வெள்ளை விரித்து, ஒரு கரையில் மாப்பிள்ளையையும் மறு கரையில் அக்காவையும் இருத்தினார்கள். ஐயர் மந்திரம் தொடங்க, பட்டுடுத்த இருவரும் விரிப்போடு சேர்ந்து மெல்ல மெல்ல நடுப் பள்ளத்துக்கு வழுக்கி வந்தார்கள். தோளோடு தோள் முட்டியது. அக்கா வெட்கப்பட்டு விலகி இருந்தாள். அடுத்த மந்திரம் முடியுமுன் திரும்ப வந்துவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாயார் பொறுக்கவில்லை. “என்ன பிள்ளை, தாலி கட்டமுன்னமே உப்பிடி நெருக்குறாய்?”

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. ஐயாவின் பார்வை என்னைத் தேட, நான் பந்தற்காலுக்குப் பின்னால் ஒளிந்தேன். (பந்தற்காலைவிட நான் தடிப்பு.)

மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: “அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ, அம்மா. நான்தான் கிட்டக் கிட்ட வாறன்.”

சபை கொல்லென்று சிரித்தது. தாயாரும் சிரித்துவிட்டார்.

அந்தப் பலகையைத் திருத்த அத்தான் பிறகு ஒருவரையும் விடவில்லை. வீட்டில் சண்டை வந்தால் பேசாமல் போய் அதன் ஒரு கரையில் இருந்துகொள்வார். அக்கா முணுமுணுத்தபடி மற்றக் கரையில் வந்து இருப்பாள். மிச்சத்தை என் வேலைப்பாடு பார்த்துக்கொள்ளும்.