தள்ளிப் பார்த்தல் தடைச் சட்டம்

அதிக தூரம் போக வேண்டாத ஓரிடத்தில் மணிக்கதவபுரம் என்றொரு நாடு இருந்தது. அரண்மனைக்கு மட்டும் ஆயிரம் கதவுகள். பூட்டு எத்தனை என்று கேட்பது நாகரிகமல்ல.

அங்கே அஞ்சலை என்ற பூட்டுக்காரி, தெருவோடு போகும்போது ஒவ்வொரு கதவையும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பாள். திறந்துகொண்டால் உள்ளே போகமாட்டாள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வாள். சட்டம் எழுதும் வாகீசனின் வீட்டைக்கூட அப்படித்தான் ஒருமுறை காப்பாற்றினாள். வாகீசன் மோர் கொடுத்தார்.

ஒருநாள் அரசுத் தானியக் கிடங்கின் பின்கதவு அவள் விரலுக்குத் திறந்தது. ஓடிப்போய் அமைச்சரிடம் சொன்னாள்.

"திறந்திருந்தது என்பதல்ல பிரச்சினை. உன்னை யார் தொடச் சொன்னது?" என்றார் அமைச்சர்.

"தொட்டாத்தானே ஐயா தெரியும்?"

"தெரிய வேண்டும் என்று யார் கேட்டது?"

அன்றே வாகீசன் சட்டம் எழுதினார்: உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் கதவையும் தொடலாகாது. அனுமதி கேட்கக் கதவைத் தட்ட வேண்டுமே என்றார்கள். தட்டுவதும் தொடுவதே என்று விளக்கம் சேர்த்தார். பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி தெருவில் நின்று கத்தினாள். காவல் மாறும்போது கிடங்குப் பூட்டை இழுத்துப் பார்க்கும் வழக்கத்தைக் காவலர்கள் கைவிட்டார்கள், கிடங்கு அவர்களுடையதல்லவே.

கிடங்குக் கதவைத் தொட்டதற்காக நடந்த விசாரணையில் அஞ்சலை வாகீசனைப் பார்த்தாள். "நான் திருட வர்றவ இல்லன்னு உங்களுக்குத் தெரியுமே. உங்க கதவு கதையைச் சொல்லுங்களேன் ஐயா."

சொன்னால் அவள் விடுதலை. ஆனால், சட்டம் எழுதியவன் வீடே திறந்து கிடந்தது என்று ஊர் சிரிக்கும். வாகீசன் தொண்டையைச் செருமினார். "மேற்படி கதவு மேற்படி நாளில் திறந்திருந்ததா என்பதை அடியேன் சோதித்தறியவில்லை."

அஞ்சலைக்கு ஆறு மாதம் சிறை. வாக்கியம் நன்றாக அமைந்தது என்று வாகீசனுக்குத் தோன்றியதை மறைப்பானேன்?

திருடர்கள் மட்டும் சட்டம் படிக்கவில்லை. ஆடி மாதம் பஞ்சத்துக்கு நெல் எடுக்கப் போனபோது கிடங்கில் எலிகூட இல்லை. அமைச்சர் கலங்கவில்லை. "சட்டம் வந்தபின் திறந்த கதவு பற்றி ஒரு புகார்கூட இல்லை. நாடு பாதுகாப்பாக இருக்கிறது. எழுதும்!"

வாகீசன் எழுதினார். எழுதி முடித்ததும் சிறைக்கு ஓடினார்.

"அஞ்சலை, வீட்டில் நாலு மூட்டை நெல் வைத்திருக்கிறேன். பூட்டு சரியாகத்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. காவலரிடம் சொல்கிறேன், ஒரு நடை வந்து தள்ளிப் பார்க்கிறாயா?"

கம்பிக்குப் பின்னால் அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"எழுத்துல குடுங்க ஐயா. நீங்க எழுதினா அழகா இருக்கும்."