வின்சன்ற் எடுத்த நூறு வீதம்

இனிமேல் வீட்டில் தன் சொல்தான் நடக்கும் என்று வின்சன்ற் முடிவெடுத்தது ஒரு நவம்பர் மாதம், ஜெர்மனியின் ஹம் ரயில் நிலையத்தில், ரயிலுக்குக் காத்துநின்ற பொழுதில். காரணம், கைத்தொலைபேசியில் தெரிந்த அறுநூற்று நாற்பது யூரோ. உறைந்த மரக்கறி பொதிசெய்யும் அவனுடைய கொம்பனி நத்தார்க்காசு, அதாவது கிறிஸ்மஸ் போனஸ், போட்டிருந்தது.

மனைவி டெல்சிக்குச் சொல்வதில்லை.

அதில் என்ன வாங்குவதென்று அவனுக்கே தெரியாது. வாங்கத்தான் வேண்டுமென்றும் இல்லை. பதினொரு வருடக் கலியாண வாழ்க்கையில் மனைவி அறியாத காசு கொஞ்சம் எப்போதும் இருக்கவேண்டும். இருந்தால் முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்தது. அடுத்த நாள் சம்பளச் சீட்டை வேலையிடத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சப்பாத்துக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். குதிக்கால் நொந்தது. சுதந்திரம் என்றால் கொஞ்சம் நோகத்தான் செய்யும்.

பெப்ரவரியில் மகள் ஜெசிகாவுக்குக் காய்ச்சல். ஆறு வயதுப் பிள்ளை, தனியே விடமுடியாது. முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் டெல்சி மூன்று நாள் வேலைக்குப் போகாமல் நின்றாள். மூன்றாம் நாள் பின்னேரம் மெல்லத் தொடங்கினாள்.

“இஞ்சருங்கோ, நாளைக்கும் நாளையண்டைக்கும் நீங்கள் நில்லுங்கோ.”

“ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“பிள்ளைக்கு வருத்தமெண்டு நிண்டா கொம்பனி சம்பளம் தராது. கிறாங்கன்காசே எண்ட மருத்துவக் காப்புறுதிக்காரர்தான் தருவினம். அதுவும் கையில வாற சம்பளத்தில தொண்ணூறு வீதம். பத்து வீதம் நட்டம். நான் கணக்குப் பாக்கிற மனுசன்.”

“எனக்கும் தொண்ணூறுதானே. மூண்டு நாள் நட்டப்பட்டிட்டன்.”

“நீர் பழகிட்டீர். நான் புதுசு.”

டெல்சி காய்ச்சல்மானியை மேசையில் வைத்தாள்.

“போன பன்ரெண்டு மாதத்துக்குள்ள நத்தார்க்காசு ஒரு யூரோ கிடைச்சிருந்தாலும் நூறு வீதமும் தருவினம். எங்கட இல்லத்தில ஒண்டுமில்லை. உங்கட கொம்பனி தந்ததே?”

வின்சன்ற் காய்ச்சல்மானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“அந்தப் பிசினாறியளோ? ஆளுக்கொரு சொக்கிலேட் தந்தவங்கள். அதுவும் உடைஞ்சது.”

“பாவமப்பா நீங்கள்,” என்றாள் டெல்சி. கண்ணும் கலங்கியதுபோல் இருந்தது.

சண்டை பிடித்தால் அவனும் பிடித்திருப்பான். கண் கலங்கினால் என்ன செய்வது? இரண்டு நாள் நின்றான். ஒரே முயல் கதையை இருபத்தாறு தரம் வாசித்தான். முயலைக் கண்டாலே அடிக்கவேண்டும்போல் வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று, தன் கெட்டித்தனத்தைக் கூட வேலைசெய்யும் அனுஜனிடம் விரித்துச் சொன்னான். அனுஜன் சாப்பிட்ட பாணை வாயிலிருந்து எடுத்தான்.

“அண்ணை, எங்கட கொம்பனி சம்பள விபரத்தைக் கொம்பியூட்டரால நேர காப்புறுதிக்காரருக்கு அனுப்பும். மேலதிகக் காசு குடுத்தனீங்களோ எண்டு அதில ஒரு கேள்வியே இருக்கு.”

“நான் இல்லையெண்டெல்லோ சொன்னனான்!”

“உங்களை ஆர் கேட்டது?”

அன்று தொடக்கம் வின்சன்ற் தபால்பெட்டிக்குக் காவல் நின்றான். வேலைக்குப் போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. குப்பை போடுகிறேன் என்று வெறும் பையோடு இறங்கி இன்னொரு பார்வை. இரண்டு கிழமை இப்படிக் கழிந்தது. ஒரு சனிக்கிழமை கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டான். எழும்பி வந்தபோது டெல்சி கடிதத்தைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள்.

“வாழ்த்துக்கள். நூற்றுக்கு நூறு! பள்ளிக்கூடத்திலகூட நீங்கள் எடுத்திருக்க மாட்டியள்.”

“பிழையாக் கணக்குப் போட்டிட்டாங்கள்.”

“அய்யோ, பிழையா வந்த காசு எங்களுக்கு வேண்டாம். இப்பவே எழுதி, கூடத் தந்ததைத் திருப்பிக் குடுப்பம்.” அவள் பேனையைத் திறந்தாள்.

“மூடும் பேனையை!” வின்சன்ற் கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்றான். “ஓம், தந்தவங்கள். அறுநூற்று நாற்பது! நான் குளிருக்க நிண்டு உழைச்ச காசு. தரமாட்டன். ஒரு சதமும் தரமாட்டன். என்ன செய்வீர்?”

“வைச்சிருங்கோ.”

“என்ன?”

“காசை நீங்களே வைச்சிருங்கோ. எனக்கு உங்கட நாள் காணும்.”

வின்சன்றுக்கு விளங்கவில்லை. வென்றுவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

“வருசத்துக்கு ஆளுக்குப் பதினைஞ்சு நாள். உங்கட பங்கில ரெண்டு போட்டுது, பதின்மூண்டு கிடக்கு. நான் நிண்டா தொண்ணூறு, நீங்கள் நிண்டா நூறு. இனிப் பிள்ளைக்கு வருத்தமெண்டா ஆர் நிக்கிறது லாபம்? நீங்களே கணக்குப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவன் வாயைத் திறக்குமுன் ஜெசிகா சட்டையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். வயிறு முழுவதும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். வகுப்பில் நாலு பிள்ளைகளுக்குக் கொப்புளிப்பான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து முதல்நாள்தான் அறிவித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை டெல்சி வேலைக்கு வெளிக்கிட்டாள். ஒரு கையில் பூசுமருந்தும் மறு கையில் முயல் கதைப் புத்தகமுமாக வின்சன்ற் வாசல்வரை வந்தான். அந்த நிலையிலும் அவன் தலை குனியவில்லை.

“அடுத்த வருசம் பாரும்! அந்த நத்தார்க்காசே எனக்கு வேண்டாமெண்டு கொம்பனிக்கு எழுதிக் குடுக்கிறன். எனக்கும் தொண்ணூறு, உமக்கும் தொண்ணூறு. அப்ப ஆர் நிக்கிறதெண்டு பாப்பம்!”

டெல்சி சப்பாத்துக் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

“வடிவா எழுதுங்கோ. அப்பிடியே போன ஜூன் மாதம் வந்த மாதிரி லீவுக்காசும் இனி வேண்டாமெண்டு சேத்து எழுதுங்கோ. அதுக்கும் நூறு வீதம்தான்.”

கதவு சாத்திக்கொண்டது. ஜூன் மாதக் காசைப்பற்றி வின்சன்ற் பாதிரியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட வாய் திறந்ததில்லை.