இருபத்தைந்து சுற்று மரியாதை

காலை 9.42. மனிதகுலம் இதுவரை கண்ட மரியாதைகளிலேயே தலைசிறந்தது, கானாடுகாத்தானில் ஒரு பாரம்பரிய விடுதியின் மெயில் சர்வர்களில் அரங்கேறத் தொடங்கிய நேரம் அது.

விடுதி இரண்டு பங்காளிகளுக்குப் பொது. பொது வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் இருவர் சம்மதமும் வேண்டும். முதன்மை சர்வர் படுத்தால் தாங்கிக்கொள்ள மாற்று சர்வர்களும் ஆகவே இரண்டு. கிழக்குப் பங்கில் இருப்பது அண்ணன் காசியுடையது. மேற்கில் தம்பி கார்த்திகேய சிவத்துடையது. ‘எந்த மெயிலும் முதலில் அங்குட்டுப் போகட்டும்’ என்று இருவருமே உத்தரவிட்டிருந்தார்கள். என்ன பெருந்தன்மை!

அன்று முதன்மை சர்வர் படுத்துவிட்டது. புதுச்சேரி நிறுவனம் ஒன்றின் கல்யாண ஒப்பந்தம் மெயிலில் வந்தது. இருபத்திரண்டு அறைகள், நான்கு நாள். பதினொரு மணிக்குள் நிரப்பி அனுப்பாவிட்டால் வேறு விடுதி என்று முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். இது அமைந்தால் வேலை நிரந்தரம் என்று கணினி பார்க்கும் செந்தாமரைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அவள் திரையைப் பார்த்தாள். கிழக்கு, மேற்குக்கு அனுப்பியது. மூன்று நிமிடம் கழித்து மேற்கு, கிழக்குக்கு அனுப்பியது. ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு சுற்று; இருபத்தைந்து சுற்று ஆனால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

அவசரக் கூட்டம் கூடியது.

“செட்டிங்குல ஒரே ஒரு வரிய மாத்தணும்யா,” என்றாள் செந்தாமரை. “ யாராவது ஒருத்தரு சர்வரு மெயில வாங்கி வச்சுக்கணும். யாருதுன்னு சொல்லுங்க.”

“தம்பிய மீறி நான் வாங்கலாமா தாயி?” என்றார் காசி.

“அண்ணன் இருக்கையில நானா? ஊரு சிரிக்காது?” என்றார் தம்பி.

“பத்தொம்பது சுத்து ஆச்சுய்யா!”

“நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, வாங்குனவுக தலையிலதானே...” என்று தொடங்கிய காசி, காப்பியைக் குடித்து மரியாதையைக் காப்பாற்றினார்.

10.57க்கு மெயில் திரும்பிப் போனது. கல்யாணம் வேறு விடுதிக்குப் போனது. கூட்டம் மட்டும் எங்கும் போகவில்லை. மூன்றாவதாக ஒரு மாற்று சர்வர் வாங்குவதென்றும், ‘பொறுப்பற்ற’ செந்தாமரையை நீக்குவதென்றும் ஒருமனதாகத் தீர்மானித்தது.

பணிநீக்கக் கடிதத்தை அவளையே அடிக்கச் சொன்னார்கள். அடித்து வைத்தாள். காசி அதைத் தம்பி பக்கம் நகர்த்தினார். தம்பி பேனாவையும் சேர்த்து அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க போடுங்கண்ணே.”

“முதல்ல நீங்க, தம்பி.”

கடிதம் நாலு தடவை போய் வந்தது. செந்தாமரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பயமா இருந்தா சொல்லுங்கய்யா, கையெழுத்த நானே போட்டுக்கிறேன். உங்க ரெண்டு பேருல யாரு பேரைப் போடட்டும்?”