சும்மா கிடந்த எடை மெஷின்

என் மனைவியின் எடையை ஒரே நிமிடத்தில் மூன்று கிலோ குறைத்தேன். எடை மெஷினின் அடியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினேன், அவ்வளவுதான்.

தராசுகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து முத்திரை போடுவதுதான் என் தொழில். இம்மி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு மெஷினில் கை வைத்ததற்குக் காரணம், சாயங்காலம்.

நான் வேலை முடிந்து வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். மனைவி எடை குறைக்கப் பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவுடன் நடக்கப் போயிருப்பாள். மூடி வைத்த டீ ஆறிப்போயிருக்கும். எதிரே காலி நாற்காலி. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் மட்டும்தான். அவள் எதிரே உட்கார வேண்டும் என்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. எடை குறைந்துவிட்டால் நடையை நிறுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் ஏறிப் பார்த்தாள். வாயெல்லாம் பல்.

"மூணு கிலோ குறைஞ்சிருக்குங்க."

"அப்புறம் என்ன, நடந்தது போதும்."

இறங்கி மறுபடி ஏறினாள். "அதேதான் காட்டுது. அப்போ மெஷின் சரிதான்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தொழில் கர்வம் விடவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாது. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டினா அது நுட்பம். உண்மையான எண்ணைக் காட்டினாதான் துல்லியம். ஒரே பொய்யை மாத்தாம சொல்ற மெஷினும் உண்டு."

"அப்படியா?" என்றாள்.

அன்று சாயங்காலமும் வீடு பூட்டித்தான் இருந்தது. நேரம் கழித்து வந்தாள்.

"நடந்தா நல்லாக் குறையுதே. இன்னும் ஒரு சுத்து சேர்த்துக்கிட்டோம்."

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களும் ஏறுங்களேன்."

ஏறினேன். வழக்கத்தைவிட நான்கு கிலோ கூடுதல். மெஷின் மூன்றை ஒளித்து வைக்கிறது என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். ஆக மொத்தம் ஏழு.

"நாலுதானே ஏறியிருக்கு, ஏன் இப்படி வேர்க்குது?"

"சாயங்காலம் நானும் நடக்க வரேன்."

தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஏழு கிலோ எப்படி ஏறியிருக்கும்?"

"ஏழா? மெஷின் நாலுதானே காட்டுச்சு."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் திருப்பினீங்க. நான் நாலு கிலோ கூடக் காட்டற மாதிரி இந்தப் பக்கம் திருப்பினேன். நீங்க ஒரு கிராம்கூட ஏறலை."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"யாரும் ஏறாதப்போ முள்ளு பூஜ்யத்துல நிக்கணும். மூணு கோடு பின்னாடி நின்னுச்சு. தினம் அதை நகர்த்திப் பெருக்கறவ நான்தானே?"

முதலில் பூஜ்யத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். வீட்டு மெஷின் சும்மா கிடக்கும்போது ஒருநாளும் பார்த்ததில்லை.

"நீ என்கூட உட்காரணும்னுதான்..."

அவள் முகம் இளகியது. "அதை வாயால சொல்லியிருக்கலாமே. நடக்க வாங்கன்னு நானும்தான் எத்தனை தடவை கூப்பிட்டேன்? அலுப்பா இருக்குன்னீங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தையற்காரம்மா குரல் கொடுத்தார். பாதியில் விட்ட கதையைத் தொடர மனைவி முன்னால் ஓடிவிட்டாள்.

இத்தனை நாள் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இப்போது அவர்களுக்குப் பத்தடி பின்னால் தனியாக நடக்கிறேன்.